பெயர் வெட்டிய கலங்கள்

தமிழில் ஓர் உலோகத்தின் பெயரே பாத்திரத்தின் பெயராகவும் நிலைத்துவிட்ட சொல் செம்பு. செம்பினால் ஆனமையால் செம்பு எனப்பட்ட அந்தச் சிறு நீர்க்கலம், பித்தளைக்கு மாறியபோதும் செம்பாகவே இருந்தது. எவர்சில்வருக்கு மாறியபோதும் செம்பாகவே இருந்தது. இன்று பிளாஸ்டிக்கில் வருவதும் பல வீடுகளில் செம்புதான். தோசைக்கல்லின் பெயரில் கல் நிற்கப் பொருள் இரும்பாயிருக்கிறது. தவலை என்னும் அகன்ற வாய்ப் பாத்திரம் பெரும்பாலான அடுக்களைகளைவிட்டு அகன்ற பின்னும் தவலை அடை இலையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பாத்திரங்களைவிட அவற்றின் பெயர்களே நெடுங்காலம் உழைக்கின்றன போலும். ஆயினும் பாத்திரமே மூன்று நான்கு தலைமுறைகளுக்கு உழைத்த காலம் ஒன்று இருந்தது. பாட்டி கொண்டுவந்த வெண்கலப் பானையில் பேத்தி சோறு வடித்தாள். அது எவ்வாறு இயன்றது, யார் கையால் இயன்றது, யாருடைய உழைப்பைச் செலவாகக் கொண்டு இயன்றது என்பவை வரலாற்று நூல்கள் அதிகம் தொடாத செய்திகள். வாளுக்குக் கிடைத்த பக்கங்கள் அகப்பைக்குக் கிடைக்கவில்லை.

சங்க நூல்களில் குழிசி, தசும்பு, தாழி எனக் கலங்களின் பெயர்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை குயவன் சக்கரத்தில் பிறந்தவை. மட்கலம் உடையக்கூடியது, அதனிடம் நீண்ட ஆயுளை எவரும் எதிர்பார்த்ததில்லை. ஆயினும், என்றைக்கும் நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் கலம் செய்யச் சொன்ன குரல் ஒன்று புறநானூற்றில் உண்டு. கணவனை இழந்த பெண்ணொருத்தி, அவனை அடக்கும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாகச் செய்துதரும்படி குயவனை வேண்டுகிறாள். அது அந்நூலின் 256-ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. அளவு சொல்லிக் கலம் செய்யச் சொல்லும் ஒரு பெண்ணின் குரல் என்ற அளவிலும் அப்பாட்டு நோக்கத்தக்கது.

அத்தகைய தாழிகள் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் வரிசை வரிசையாய்க் கிடந்தன. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அங்கே அகழ்ந்தனர். ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அங்குக் கண்ட பொருள்களில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. கருவிகளும் படைக்கலங்களும் இரும்பாலாயிருக்க, கிண்ணங்களும் விலங்கு உருவம் பொருந்திய மூடிகளும் வெண்கலத்தாலாயிருந்தன. வெட்டுவதற்கு இரும்பு, உண்பதற்கு வெண்கலம் என்னும் பாகுபாடு அந்நாளிலேயே அமைந்திருந்தது.

அந்த வெண்கலத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டனர். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கற்குவைகளிலும் கிடைத்த கிண்ணங்கள் சிலவற்றில் நூற்றுக்கு 22, 23 பங்கு அளவுக்கு வெள்ளீயம் கலந்திருந்தது. இத்தனை ஈயம் சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் கண்ணாடிபோல் நொறுங்கும். சுத்தியல் அடி தாங்காது. எனவே கம்மியர் அதைச் செந்தணலில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சூடு இருக்கும்போதே அடித்து மெலிதாக்கி, பின் நீரில் தோய்த்தனர். எஃகைச் சூட்டோடு நீரில் தோய்த்தால் அது இறுகி நொறுங்கும் தன்மை அடையும். இவ்வகை வெண்கலமோ நேர்மாறாக, அப்படித் தோய்த்தால்தான் எளிதில் உடையாத் தன்மை பெறும். மெல்ல ஆறவிட்டால் உள்ளே உருவாகும் நொறுங்கு கூறு, சட்டென்று குளிர்விப்பதால் உருவாகாமல் போகிறது. இதே முறையில் கிண்ணம் அடிக்கும் கம்மியர் கேரளத்தில் அண்மைக் காலம்வரை இருந்தனர் என்பதை ஷாரதா சீனிவாசன் முதலியோர் பதிவு செய்துள்ளனர். ஏட்டில் எழுதப்படாத ஒரு நுட்பம், தந்தை கையிலிருந்து மகன் கைக்கு என இத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகள் பாத்திரங்களைப் பற்றிப் பேசும் முறை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் அளித்த தளிகை, வட்டில், கெண்டி, மண்டை, படிக்கம் முதலிய பொன், வெள்ளிக் கலங்கள் ஒவ்வொன்றும் இன்ன நிறை என்று கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் பெயர் இட்டிருந்தனர். கலத்தின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிறை மட்டுமே உண்டு. எழுதியவர்களுக்குக் கவியுள்ளம் இல்லை என்று கருத வேண்டியதில்லை. உலோகக் கலம் என்பது உருவம் மாறக்கூடிய செல்வம்; உருவம் போனாலும் நிறை போகக்கூடாது என்பதே அவர்களுடைய கணக்கு. கோயிலுக்கு இருந்த அதே கணக்கு எளிய வீடுகளுக்கும் இருந்தது.

வீட்டு அடுக்களையில் எல்லாப் பாத்திரமும் எல்லா வேலைக்கும் ஆவதில்லை. தமிழர் சமையலில் புளி இன்றியமையாதது. அந்தப் புளியோ பித்தளைக்கும் செம்புக்கும் பகை. புளிக்குழம்பும் மோரும் அவற்றில் நின்றால் களிம்பு ஏறும். உண்டவர் வயிறு புரட்டும். ஆதலால் சோற்றுக்கு வெண்கலப் பானை, குழம்புக்குக் கல்சட்டி அல்லது மட்சட்டி, இரசத்துக்கு ஈயச் செம்பு, தாளிக்கவும் வதக்கவும் இரும்புச் சட்டி எனப் பொருளுக்கு ஏற்ற கலம் வகுத்திருந்தனர். கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்வது. சேலம் பக்கத்தில் இத்தொழில் உண்டு. புதுச் சட்டியை உடனே அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, பல நாள் சூடான வடிகஞ்சி ஊற்றி ஊற்றிப் பழக்கிய பின்னரே அது நெருப்புக்குப் போகும். பழகியபின் அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பும் அதில் சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஈயச் செம்போ இதற்கு எதிரான குணமுடையது. வெள்ளீயம் 232 பாகைச் சூட்டில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. நீர் வற்றவிட்டால் இரசமும் இல்லை, செம்பும் இல்லை. ஓர் ஈயச் செம்பு ஒரு தலைமுறை நிலைத்தது என்றால், அத்தனை ஆண்டுகளும் அதை ஒரு கண் காவல் காத்தது என்று பொருள்.

பாத்திரம் வாங்கப் போகும் முதியவள் அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டுவாள். நல்ல வெண்கலம் மணிபோல நின்று ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத கீறல் இருந்தாலும் ஒலி கம்மி அடங்கும். பித்தளையின் ஓசை குறுகியது. பிறகு கையில் தூக்கி நிதானிப்பாள். அடி கனமா, விளிம்பு ஒரே சீராக இருக்கிறதா, காதுகளைப் பொருத்திய ஆணிகள் அசைகின்றனவா என்று தடவிப் பார்ப்பாள். இன்றைய சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் ‘அடி கனமான பாத்திரம்’ என்னும் தொடரில் அந்த முதியவளின் தீர்ப்பு மிச்சமிருக்கிறது. கனமான அடி சூட்டைப் பரப்பும். மெல்லிய அடியில் நெருப்புப் பட்ட இடத்தில் மட்டும் பால் பிடிக்கும்.

எனினும் நன்றாகத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமே அந்தப் பாத்திரங்கள் நீடித்தன என்று எண்ணுவது பிழை. பித்தளைத் தவலையின் ஆயுள் அதைச் செப்பனிடுபவனின் வருகையைப் பொறுத்திருந்தது. ஈயம் பூசுபவர் தெருமுனையில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். துலக்கிய பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்; வெண்புகை எழும். ஈயக் கம்பியை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் சுழற்றித் தேய்க்க, மஞ்சள் வயிறு நொடியில் வெள்ளியாகும். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள மாசைத் தின்று ஈயம் பற்றுவதற்கு வழி செய்கிறது. அந்தப் பூச்சு மெல்லியது. அன்றாடப் புழக்கத்தில் தேய்ந்துவிடும். பூசியவரே மீண்டும் வரவேண்டும். உடைந்த வெண்கலம் கன்னாரிடம் திரும்பிப் போகும். எடைக்கு எடை கழித்து, சேதாரமும் கூலியும் கொடுத்தால் புதுப் பானையாகித் திரும்பி வரும். இவ்வாறு பார்த்தால் பேத்தி சோறு வடித்தது பாட்டியின் அதே பானையில்தானா, அதே உலோகத்தில்தானா என்பது தருக்கிகளுக்கு உரிய கேள்வி. குடும்பத்துக்கு அந்த வேறுபாடு தோன்றியதில்லை.

இங்கே ஒரு தீமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். மொழியில் இருந்த இந்த மயக்கம் அடுப்பிலும் இருந்தது. வெள்ளீயம் கடல் கடந்து வரவேண்டிய பொருள், விலை மிகுந்தது. காரீயம் மலிவு. இரண்டையும் கலந்தால் தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த சூட்டில் உருகும், பூசுவதும் எளிது. காரீயம் உடலில் சேர்ந்தால் எலும்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழையவை யாவும் நலம் தந்தன என்று எழுதுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றும் ஈயச் செம்பு வாங்குவோர் அறிய வேண்டிய முதற்செய்தி, அது எந்த ஈயம் என்பதுதான்.

பாத்திரங்கள் தலைமுறை கடந்ததற்கு மற்றொரு காரணம், அவை யாருடையவை என்பது. நிலம் ஆண்களின் பெயரில் இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் பெற்ற சொத்துக்கு அவளை முழு உரிமையாளராக்கியது. பிறந்த வீட்டுக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்னும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அதற்கு முந்தைய நெடுங்காலத்தில், வழக்கோ வாதமோ இன்றி இது என்னுடையது என்று ஒரு பெண் சொல்லக்கூடியவை கழுத்திலும் காதிலும் கிடந்தவையும், சீர்வரிசையாக வந்த பாத்திரங்களும்தாம். மாப்பிள்ளை வீட்டுப் பரணில் இருந்தாலும் அவை அவளுடையவை. ஆகவேதான் அவற்றில் பெயர் வெட்டினார்கள்.

பாத்திரக் கடை வாசலில் சிற்றுளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பார். புள்ளி புள்ளியாக எழுத்துகள் எழும்: தலைப்பெழுத்து, பெயர், சில சமயம் ஊர், சில சமயம் நாள். பள்ளிப் பதிவேட்டில் இடம்பெறாத, பட்டாவில் இடம்பெறாத, திருமண அழைப்பிதழில்கூடச் சௌபாக்கியவதி என்ற அடைமொழியோடு ஒருமுறை தோன்றி மறைந்த பெண்ணின் பெயர், குடத்தின் கழுத்தில் ஐம்பது ஆண்டு நின்றது. எழுத்தறியாத பெண்ணும் அடுக்கில் தன் குடத்தை அந்தப் புள்ளிகளின் வடிவம் கண்டு எடுத்தாள். தமிழ்ப் பெண்களின் பெயர்கள் எந்தக் காலத்தில் எவ்வாறு மாறின என ஆராய விரும்புவோர்க்கு இதைவிடப் பரந்த ஆவணம் கிடைப்பது அரிது. இவற்றை யாரும் படியெடுத்துத் தொகுக்கவில்லை. கோயில் சுவரில் உள்ள எழுத்துக்கு மசிப்படி எடுக்கத் தெரிந்த நாட்டில், குடத்தின் கழுத்தில் உள்ள எழுத்து எழுத்தாகவே கருதப்படவில்லை.

பஞ்சம் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் முதலில் நகை போகும். பின்னர் அண்டாவும் குண்டாவும் அடகுக்குப் போகும். மீட்டு வந்தபோது பெயரைப் பார்த்துத்தான் எடுத்து வந்தார்கள். மீட்க முடியாதபோது அந்தப் பெயர் உலையில் கரைந்தது.

அவை பெருமளவில் கரைந்தது பஞ்சத்தால் அன்று. முதலில் வந்தது அலுமினியம். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டபின் அவ்வுலோகம் மலிந்தது. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். அது வளர்ந்து தனியார் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூச வேண்டியதில்லை என்பதால் ஏழை வீடுகளில் அது விரைந்து நுழைந்தது. ஆனால் புளியும் உப்பும் அதையும் அரிக்கும், நசுங்கும், பழையதை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பித்தளை வைத்திருந்த வீடுகள் அதனால் அசையவில்லை.

அவற்றை அசைத்தது எவர்சில்வர். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலின் உட்புறம் அரிக்காத எஃகைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1913-இல் குரோமியம் கலந்த துருப்பிடியா எஃகை உருக்கினார். அதே காலத்தில் ஜெர்மனியின் குருப் ஆலையில் நிக்கலும் சேர்ந்த வகையைக் கண்டனர். குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகிறது. கீறினால் தானே மூடிக்கொள்கிறது. ஈயம் பூசுபவர் பலமுறை வந்து செய்த வேலையைக் காற்றே ஒவ்வொரு கணமும் செய்துவிடுகிறது எனலாம். பீரங்கிக்குப் பிறந்த அந்த உலோகத்துக்கு எவர்சில்வர் என்று இங்கே இடப்பட்ட பெயர், ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களால் ஆனதேயாயினும், ஒரு தமிழ் இல்லத்தரசியின் ஆசையை நன்றாகவே சொல்கிறது: என்றும் வெள்ளி.

1960-களிலும் 70-களிலும் தெருவில் கேட்ட குரல் மாறியது. பழைய பித்தளைக்கும் பட்டுப் புடவைச் சரிகைக்கும் பழந்துணிக்கும் எவர்சில்வர் பாத்திரம் தரப்பட்டது. சேலம் உருக்காலை 1981-இல் துருப்பிடியா எஃகுத் தகடு உருட்டத் தொடங்கியது. விறகடுப்பின் இடத்தை எரிவாயு அடுப்பு பிடித்தபோது கரியேறிய வெண்கலப் பானை பரணுக்குப் போயிற்று. பித்தளைக்கும் செம்புக்கும் பெயர்பெற்றிருந்த திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளிலும் எவர்சில்வர் புகுந்தது. எத்தனை குடங்கள் உலைக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை. அவற்றின் கழுத்தில் இருந்த பெயர்களுக்கும் கணக்கில்லை.

இதைக் கேட்டு வருந்துவது எளிது. வருந்திக் கவிதை எழுதுவது அதனினும் எளிது. பித்தளைக் குடத்தின் பொன்னிறத்தைப் பாடுவோர், அந்தப் பொன்னிறம் தானே வந்ததன்று என்பதை நினைவில் கொள்ளல் நன்று. புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் தேங்காய் நாரும் கொண்டு, கிணற்றடியில் குந்தியிருந்து நாள்தோறும் தேய்த்த கைகளிலிருந்து வந்தது அது. விரலிடுக்கில் புளி அரித்த புண், நகக்கண்ணில் கருமை, நிறைந்த வெண்கலப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்த மணிக்கட்டின் வலி ஆகியவையும் அந்தப் பாத்திரத்தின் விலையில் அடங்கும். தன் சீதனக் குடத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கிய பெண் ஏமாந்தவள் அல்லள். அவள் கொடுத்தது செல்வம். பெற்றது ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். வசதியுள்ள வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் வேலைக்கு வந்த வேறொரு பெண்ணுடையதாயிருந்தது என்பதும் உண்மை.

எவர்சில்வரும் எல்லாம் ஒரே தரமன்று. பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்தது நெடுநாள் நிற்கும். நிக்கலின் விலை காரணமாக அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய வகை இந்நாட்டுப் பாத்திரங்களில் மிகப் பரவியுள்ளது; உப்பு நீர் நின்றால் அதில் புள்ளி புள்ளியாய் அரிப்பு விழக்கூடும். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் கடைவீதிச் சோதனை இங்கே பயன்படாது. இவ்விரு வகையும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. தட்டிக் கேட்ட முதியவளின் காதுக்கும் இந்த வேறுபாடு எட்டாது. வாங்குபவர் தம் புலன்களால் தரம் அறிந்த காலம் முடிந்து, தகட்டின் முத்திரையையும் விற்பவரின் சொல்லையும் நம்பும் காலம் வந்துவிட்டது.

அண்மை ஆண்டுகளில் வெண்கலமும் பித்தளையும் கல்சட்டியும் மீண்டும் விலைபோகின்றன. நகரத்துக் கடைகளில் அவை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. சில மங்காதிருக்க மெருகெண்ணெய் பூசப்பட்டவை, அடுப்பில் ஏற்றத் தகாதவை. வாங்குபவர்கள் அவற்றைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. பெயர் வெட்ட இப்போது மின்பொறி இருக்கிறது. நொடியில் வெட்டித் தருகிறார்கள். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்தபின் யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டால் கடைக்காரர் சற்றே யோசித்து, அடுத்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார் என்கிறார்.